அந்தச் சக்கரம் அவருடையது இல்லை

பயணப் புகைப்படப் போட்டிகளில் நடுவராக உட்காரும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. இங்கே எனக்கு வேலை இல்லாத அந்த மாதம்தான் லடாக்கில் சீசன். மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களை வருடம் முழுக்க எடுத்துவிட்டு, ஆடி பிறந்ததும் மலைக்குக் கிளம்பிவிடுவது என் பழக்கமாகிவிட்டது. போட்டிக்குப் படம் அனுப்பும் பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. படங்கள் பெயர் மறைத்து வருவதால் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. ஆனால் 2017-இல் என் படம் ஒன்றுக்கு ஒரு போட்டியில் பதக்கம் கிடைத்தது. எந்தப் போட்டி என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

படம் இதுதான்: கறுப்புக் கூடாரத்தின் வாசலில் ஒரு பாட்டி. முகமெல்லாம் சுருக்கம். காதோரம் பவழம். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. வலது கையில் பிரார்த்தனைச் சக்கரம், உள்ளே மந்திரச் சுருள் வைத்துக் கைப்பிடியில் சுழற்றும் உருளை. பின்னால் கும்மிருட்டு, சாய்வாக விழும் வெளிச்சத்தில் சாண அடுப்பின் புகை ஒரு கோடாக ஏறுகிறது. நான் வைத்த தலைப்பு ‘மறையும் திபெத்’. இந்த மாதிரிப் படத்தை நீங்கள் நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பீர்கள். பாட்டிதான் மாறியிருப்பார்.

அது எடுக்கப்பட்ட விதத்தைச் சொல்கிறேன். 2016 ஆகஸ்ட், முதல் வாரம். இரண்டு வண்டிகளில் எட்டுப் பேர், ஒரு ‘போட்டோ டூர்’. மணாலி–லே சாலையில் மோரே சமவெளியைத் தாண்டி ஸாரா பக்கம் கர்னாக் ஆட்கள் முகாமிட்டிருந்தார்கள். கர்னாக் என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் ஆடு, செம்மறி, யாக் மேய்த்து, பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் சாங்பா மக்களின் ஒரு பிரிவு. எங்களைக் கூட்டிப்போனவருக்கு அந்த முகாமில் பழக்கம் இருந்தது. பாட்டியை வெளியே உட்காரவைத்தார். வெளிச்சம் சரியில்லை என்று வாசலுக்குள் தள்ளி உட்காரச் சொன்னார். அடுப்பில் ஈரச் சாணத்தைப் போட்டுப் புகை கிளப்பினார். அப்புறம் வண்டிக்குப் போய், முன்பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய பிரார்த்தனைச் சக்கரத்தை எடுத்து வந்து பாட்டியின் கையில் கொடுத்தார்.

எட்டுப் பேரும் முட்டி போட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிடம். முடிந்ததும் அவர் பாட்டியின் கையில் 500 ரூபாயை வைத்துவிட்டு, சக்கரத்தைத் திரும்ப வாங்கித் துணியில் சுற்றினார். அடுத்த வாரம் அடுத்த எட்டுப் பேருக்கு அது வேண்டுமே.

படத்தில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் கூடாரக் கயிற்றில் சாய்த்துவைத்த சூரியத் தகடு இருந்தது. அதிலிருந்து போன ஒயரில் ஒரு கைபேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீல பிளாஸ்டிக் டிரம். டிரம்மின் மேல் மருமகள் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கணினியில் வெட்டினேன். டிரம்மின் ஓரம் மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அழிக்க ஒரு சாயங்காலம் ஆனது.

உங்கள் விதி எனக்குத் தெரியாமல் இல்லை. அமெரிக்க ஒளிப்படச் சங்கத்தின் பயணப் பிரிவு விதியைத்தான் நம் ஊர்ப் போட்டிகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. ஓரிடத்தின் பண்பாட்டை அது இருக்கிறபடி காட்ட வேண்டும். படமெடுப்பதற்கென்றே ஏற்பாடு செய்த நிகழ்ச்சியும், கூலி கொடுத்தோ சொல்லிக்கொடுத்தோ நிறுத்திய ஆளும் கூடாது. இதைப் படித்து, பெட்டியில் டிக் அடித்துத்தான் அனுப்பினேன். டிக் அடித்த எட்டுப் பேரில் நான் ஒருவன், அவ்வளவுதான்.

என் பொய் முதலில் பிடிபட்டது உங்களிடம் இல்லை, ஒரு ஸ்வெட்டர் கடையில். கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஊர்ச் சாலையோரம் கொட்டகை போட்டு ஸ்வெட்டர் விற்க திபெத்தியர்கள் வருவார்கள். தமிழ்நாட்டுப் பெரிய ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். மகளுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போன இடத்தில், பெருமைக்காகக் கைபேசியில் படத்தைக் காட்டினேன். கடைக்கார அக்கா தலைப்பையும் கேட்டார். சொன்னேன். “அண்ணா, இது திபெத் இல்ல. இது லடாக்கி டிரெஸ்” என்றார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “டென்ட் நல்லா இருக்கு. எங்க அம்மா சொல்லும். நான் பைலகுப்பேல பொறந்தேன். இந்த டென்ட் நான் போட்டோலதான் பாத்தேன்.”

அவர் அம்மா, திபெத்தில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட 1959-க்குப் பிறகு எல்லை தாண்டி வந்தவர். மைசூருக்குப் பக்கத்திலுள்ள பைலகுப்பே குடியிருப்பில் காடு வெட்டிச் சோளம் விதைத்த தலைமுறை. யாக் மயிரில் நெய்த கூடாரத்தில் பிறந்தவரின் மகள் கோவையில் லூதியானா ஸ்வெட்டர் விற்கிறார். ‘மறையும் திபெத்’ என்று நான் தலைப்பு வைத்த படத்தில் திபெத் இல்லை. அது எனக்கு நேரெதிரே, ஸ்வெட்டர் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. அவரைப் படம் எடுக்க எனக்கு அன்றைக்குக்கூடத் தோன்றவில்லை.

லடாக்கும் திபெத்தும் பண்பாட்டில் ஒரே குடும்பம்தான். மொழி, எழுத்து, மடம், மாவும் வெண்ணெய்த் தேநீரும் எல்லாம் நெருங்கிய சொந்தம். சாங்தாங் மேட்டுநிலமும் எல்லைக்கு இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒரே விஷயம் நடக்கவில்லை. எங்கே எடுத்தது என்று சரியாகச் சொல்லாமல் ‘மறைகிறது’ என்றால், யாரால் மறைகிறது, ஏன் மறைகிறது என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது. ஏதோ மேகம் கலைகிற மாதிரி அது தானாகக் கலைவதாக ஆகிவிடுகிறது.

2023 ஆடியில் அந்தப் படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். பாட்டியின் பெயர் தெரியாது. யோசித்துப் பாருங்கள்: கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா யார், பெண்ணின் ஒன்றுவிட்ட அத்தை யார் என்று காலையிலேயே கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறவன் நான். தாய்மாமனை விட்டுவிட்டு ஆல்பம் போட்டால் அந்த வீட்டில் காசு வாங்க முடியாது. அப்படிப்பட்டவன், இருபது நிமிடம் ஒரு முகத்துக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டு, பெயர் கேட்காமல் வந்திருக்கிறேன். கேட்காவிட்டால் காசு போகாது என்பதுதான் காரணம், வேறென்ன.

லேயில் வண்டியோட்டி ஒருவர் படத்தைப் பார்த்ததுமே, “கர்னாக்காரர் மாதிரி இருக்கிறது, கர்னாக்லிங்கில் கேட்கலாம்” என்றார். லே ஊருக்குக் கீழே சொக்லம்சரை ஒட்டி, கர்னாக்கிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்ட பகுதி கர்னாக்லிங். மூன்றாவது வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

பாட்டி பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். லடாக்கியில் பாட்டியை அபி-லே என்பார்கள். மருமகள் தெர்மாஸிலிருந்து சர்க்கரைத் தேநீர் ஊற்றி, தட்டில் பிஸ்கட் வைத்தார். படத்தைக் கையில் வாங்கிய அபி-லே முதலில் கேட்டது, “இது யாருடைய சக்கரம்?”

வண்டியோட்டி மொழிபெயர்த்தார். நான் சொன்னேன். அவர் ஆடைக்குள்ளிருந்து ஜபமாலையை எடுத்துக் காட்டினார். ஐம்பது வருடமாக அவர் கையில் இருப்பது மாலைதான், சக்கரம் இல்லை. அப்புறம் படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்து, அதற்கு அப்பால் வெறும் மேசையைத் தட்டினார். “இவள் இங்கேதானே உட்கார்ந்திருந்தாள்?” மருமகள் சிரித்துவிட்டார். ஏழு வருடம் கழித்து, வெட்டிய ஓரத்தை ஒருவர் விரலால் சரியாகத் தொட்டுக் காட்டுவதைப் பார்க்க எனக்கு வியர்த்தது. பதக்கம் கொடுத்த நடுவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் அங்கே இருந்தார்.

தலைப்பை மொழிபெயர்க்கச் சொன்னார். வண்டியோட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார். அபி-லேவின் பதில்: “நாங்கள் எங்கே மறைந்தோம்? லேயில்தானே இருக்கிறோம். குளிர்காலத்தில் வந்திருந்தால் அங்கேயே பார்த்திருக்கலாம். குளிர்காலத்தில் ஒருவரும் வருவதில்லை.”

ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன். முழங்கால் வலி. பேரனுக்குப் பள்ளிக்கூடம். மகன் லாரி ஓட்டப் போய்விட்டார், ஆடுகளைப் பார்க்க ஆளில்லை. இங்கே ஆஸ்பத்திரி பக்கம், ஆடு பின்னால் ஓட வேண்டாம். இதில் சோகம் எதுவும் அவர் குரலில் தெரியவில்லை. உண்மையில், நான் சோகத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கூடாரத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு சுற்றுலா முகாம்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். நாங்கள் படமெடுத்த சமயத்திலேயே குடும்பம் படுத்தது வெள்ளைக் கேன்வாஸ் கூடாரத்தில்தான். கறுப்புக் கூடாரம் சாமான் வைக்கிற இடமாக, சமையல் இடமாக இருந்திருக்கிறது.

ஆடுகளைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் கை அசைந்தது. பால் கறப்பதற்கு ஆடுகளை எப்படிக் கட்டுவோம் என்று காட்டினார். இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று எதிர்முகமாக. இந்த ஆட்டின் கழுத்து அந்த ஆட்டின் கழுத்தைத் தாண்டி, பின்னல் போட்ட மாதிரி. எல்லாவற்றையும் பிணைப்பது ஒரே கயிறு. கறந்து முடித்ததும் கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மொத்த மந்தையும் விடுபட்டு ஓடும். இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டி, பிறகு ஒரே இழுப்பில் பிரித்தார். மருமகளும் கூடவே செய்து காட்டினார், முடிச்சு விழும் இடத்தில் அவர் கை கொஞ்சம் வேறு மாதிரி போனது. அதற்கு அபி-லே ஏதோ திட்டினார். பேரன் ஆறாம் வகுப்பு. கைபேசியிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அவனுக்கு அந்த முடிச்சு தெரியாது. தெரிந்து அவன் என்ன செய்ய, இங்கே ஆடே இல்லையே.

அன்று ராத்திரி விடுதியில் மடிக்கணினியைத் திறந்து, 2016-இல் அந்த முகாமில் எடுத்த எல்லாவற்றையும் பார்த்தேன். நானூற்றுச் சொச்சம் படங்கள். சாயங்காலம் அந்தக் கறவை எங்கள் கண்ணெதிரில் நடந்திருக்கிறது. ஆடுகளுக்குப் பின்னால் சூரியன். தூசி தங்கமாக மின்னுகிறது. கொம்புகள் நிழலுருவாக நிற்கின்றன. நல்ல படங்கள், நீங்கள் பார்த்தால் ஏற்றுக்கொள்வீர்கள். ஆனால் கயிறு ஒன்றிலும் இல்லை. முடிச்சுப் போடும் கை ஒன்றிலும் இல்லை. எது ஒரு தலைமுறையோடு போய்விடுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன்.

சரி, இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. முடிச்சை எடுத்திருந்தால் நீங்கள் மதிப்பெண் போட்டிருக்க மாட்டீர்கள். நடுவர் அறையில் ஒரு படத்துக்குச் சில விநாடிதான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு கல்லூரிப் போட்டிக்கு அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அந்த விநாடிகளில் சுருக்கம் விழுந்த முகமும் புகையும் பேசும், கயிறு பேசாது. தலைப்புக்கும் நான்கு வார்த்தைக்கு மேல் இடமில்லை. எது பரிசு வாங்குகிறதோ அதைத்தான் டூர் நடத்துகிறவர் அடுத்த வருடம் ஏற்பாடு செய்வார். அவர் வண்டியின் முன்பெட்டியில் அந்தச் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்ததில் உங்களுக்கும் எனக்கும் பங்கு இருக்கிறது.

ஏன் இறங்கினார்கள் என்பதற்கு முழங்காலும் பள்ளிக்கூடமும் மட்டும் காரணம் இல்லை. 1962 இந்திய–சீனப் போருக்குப் பிறகு எல்லை மூடியதில் அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலம் போனது; அந்தப் பக்கத்திலிருந்து அகதிகளாக வந்த மேய்ப்பர்களின் மந்தைகளும் இந்தப் பக்கத்து நிலத்தில் சேர்ந்துகொண்டன. 2020-இல் இந்திய, சீனப் படைகள் மோதியதற்குப் பிறகு எல்லையோரச் சுஷூல் பக்கம் இன்னும் சில மேய்ச்சல் இடங்களுக்குப் போக முடியவில்லை என்று மேய்ப்பர்களே சொல்கிறார்கள். பனி அதிகம் விழும் வருடத்தில் குட்டிகள் கூட்டமாகச் சாகும். பாங் பக்கத்துச் சமவெளியில், நாங்கள் முட்டி போட்ட இடத்திலிருந்து சில மணி நேரத் தொலைவில், சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த 13 கிகாவாட் மின் திட்டம் வரப்போகிறது. அதன் மின்சாரத்தை ஹரியானாவின் கைதல் வரை கொண்டுபோகும் 713 கிலோமீட்டர் மின்தடத்துக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தச் சமவெளி சாங்பா மந்தைகளின் மேய்ச்சல் நிலம். 2024 மார்ச்சில் லடாக்கின் கல்வியாளரும் சூழல் போராளியுமான சோனம் வாங்சுக் லேயில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, நிலம் போகிறது என்பது அவர் சொன்ன குறைகளில் முக்கியமான ஒன்று. சூரியத் தகட்டைப் படத்திலிருந்து வெட்டிய எனக்கு, அந்தச் சமவெளியே தகடாக மாறப்போகிறது என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வெட்டியிருப்பேன்.

2024 ஜனவரியில் சாங்தாங்கிலிருந்து வந்த முக்கியமான காட்சி எது தெரியுமா? சுஷூல் பக்கத்து மேய்ப்பர்கள் சீனப் படையினரை எதிர்த்து நின்று, இது எங்கள் மேய்ச்சல் நிலம் என்று வாதாடும் வீடியோ. எடுத்தது கைபேசியில். ஆடுகிறது, ஒளி சரியில்லை என்றெல்லாம் நாம் குறை சொல்லலாம். ஆனால் அவர்கள் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்பதை அது சொன்னது. நாங்கள் லட்ச ரூபாய் லென்ஸில் எடுத்த எதுவும் அதைச் சொல்லவில்லை.

பழைய படங்களுக்கு ஏன் இன்றும் மதிப்பு என்று யோசித்தேன். 1905 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் லாசா நகரப் படங்களைப் பதினொரு பக்கத்துக்குப் போட்டது. எடுத்தவர்கள் புரியாத்தியரான சிபிகோவ், கல்மிக்கியரான நோர்சுனோவ். இருவரும் ரஷ்யப் பேரரசின் மங்கோலிய இனப் பௌத்தர்கள், யாத்திரிகர்களாகப் போனவர்கள். சிபிகோவ் தன் கேமராவைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்துவைத்து எடுத்தார் என்று சொல்வார்கள். அவர் சக்கரத்துக்குள் கேமராவை வைத்தார். நாங்கள் கேமராப் பைக்கு நடுவில் சக்கரத்தை வைத்தோம்.

லீ கோதமியை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பம்பாய்ப் பார்சிக் குடும்பத்துப் பெண், சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர். 1948–49-இல் கணவர் லாமா அனகாரிக கோவிந்தாவோடு மேற்குத் திபெத்தின் சபரங்குக்குப் போனார். பாழடைந்த கூகே அரசின் தலைநகர் அது. கோயில்களுக்குள் கடுங்குளிரில், தூரிகையில் மை உறையும் நிலையில், வாரக்கணக்கில் உட்கார்ந்து சுவரோவியங்களைத் தாளில் கோடு கோடாகப் படியெடுத்தார்; சிலைகளைப் படம் எடுத்தார். இருபது வருடம்கூட ஆகவில்லை, சீனாவின் கலாச்சாரப் புரட்சியில் அந்தச் சிலைகள் உடைக்கப்பட்டன. இன்றைக்கு அவை எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள அவர் எடுத்த படங்களிடம் போக வேண்டியிருக்கிறது. எந்தச் சுவர், எந்தக் கோயில், எந்த உருவம் என்று அவர் குறித்துவைத்ததால்தான் அவை பயன்படுகின்றன. ‘மறையும் கூகே’ என்று ஒரு படம் எடுத்துவிட்டு வந்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

இன்னொருவர், திபெத்திய எழுத்தாளர் ஸெரிங் ஓசெர். இவர் அப்பா சீன ராணுவத்தில் அதிகாரியாக இருந்த திபெத்தியர். லாசாவில் கலாச்சாரப் புரட்சி நடந்தபோது, மடங்கள் சூறையாடப்பட்டதையும், லாமாக்களும் பழைய பிரபுக்களும் தெருவில் அவமானப்படுத்தப்பட்டதையும் படம் எடுத்து வைத்திருந்தார். அவர் 1991-இல் இறந்த பிறகு நெகட்டிவ்கள் மகளிடம் வந்தன. மகள் என்ன செய்தார் தெரியுமா? படங்களை எடுத்துக்கொண்டு எழுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் போய் உட்கார்ந்தார். இது யார், அந்தத் தெரு எது, பக்கத்தில் நிற்கும் பெண் யார், அவர் பிறகு என்ன ஆனார். இப்படியே ஆறு வருடம். 2006-இல் தைவானில் அவை நூலாக வந்தபோது, அந்தப் படங்களில் இருந்தவர்களுக்குப் பெயர் இருந்தது. பிறகு அப்பாவின் அதே கேமராவை எடுத்துக்கொண்டு அதே இடங்களில் போய் நின்று மறுபடியும் எடுத்தார். புகைப்படக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஆறு வருடத்தில் அவர் ஷட்டரை அமுக்காமல் செய்த வேலைதான் அந்தப் படங்களை ஆவணமாக்கியது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெயர் எழுது, ஊர் எழுது என்று லடாக்கில் சொல்லலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் அது ஆபத்து. தலாய் லாமாவின் படத்தை வைத்திருப்பதே அங்கே குற்றம்போலப் பார்க்கப்படுகிறது. ஒரு வீட்டுப் பூஜை மாடத்தைப் படம் எடுத்து, கோப்பில் ஜிபிஎஸ் குறிப்போடு இணையத்தில் போட்டால், நீங்கள் விமானம் ஏறிய பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அங்கே எடுத்த படத்துக்குப் பெயர் கேட்காதீர்கள். பெயரை ஏன் எழுதவில்லை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த வரியே பெரிய தகவல். அந்தப் பக்கத்தில் மறைவது முழங்கால் வலியால் இல்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024 மே மாத அறிக்கையில், 2016 முதல் திபெத்தில் 500 கிராமங்களை, அவற்றில் வாழ்ந்த 1,40,000 பேரோடு, அரசு முழுதாக இடம் மாற்றியிருக்கிறது அல்லது மாற்றி வருகிறது என்று கணக்குச் சொல்கிறது. அப்படி இடம் மாற்றப்பட்ட மேய்ப்பர் வீட்டின் சிமென்ட் வாசலில் நிற்கும் படத்தை எத்தனை போட்டிகளில் பார்த்திருக்கிறீர்கள்? அதே சமயம், லாசாவின் பார்கோர் சுற்றுப்பாதையில், வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகள் திபெத்திய உடையை வாடகைக்கு எடுத்து, ஒப்பனை செய்துகொண்டு, கூலிக்கு வைத்த புகைப்படக்காரரோடு ஜோகாங் கோயிலைச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்வது பெரிய தொழிலாகியிருக்கிறது. விழுந்து வணங்கி வலம் வரும் கிழவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த உடை, அந்த வெளிச்சம், அந்தச் சக்கரம் எல்லாமே அப்பழுக்கில்லாமல் இருக்கும். உங்கள் திரைக்கு வந்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பீர்களா?

இன்னொன்று, சுருக்கமாக. பறவைகளுக்கு உடலைக் கொடுக்கும் திபெத்திய இறுதிச் சடங்கைத் தூரத்திலிருந்து லென்ஸ் வைத்து எடுத்த படங்களும் போட்டிக்கு வருகின்றன. சடங்கை எடுக்கக் கூடாது என்று தடையே இருக்கிறது, குடும்பமும் விரும்பாது. நம் வீட்டுச் சுடுகாட்டில் முகம் தெரியாதவன் மரத்தின் மேல் உட்கார்ந்து எடுத்தால் என்ன செய்வோமோ அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் தள்ளிவிடுங்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயணப் பிரிவுக்கு நூறு வார்த்தைக் குறிப்பைக் கட்டாயமாக்குங்கள். மதிப்பெண் போடும் முன் அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யார், எங்கே, எப்போது, அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார், படத்துக்காக நாம் எதை மாற்றினோம். பெயரை வெளியிட வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், ஆனால் புகைப்படக்காரனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு வெட்டாத மூலக் கோப்பைக் கேளுங்கள். கானுயிர்ப் பிரிவுகளில் கேட்கிறார்களே. வெட்டிய ஓரத்தில் பிளாஸ்டிக் டிரம் இருந்தால், ஏன் வெட்டினாய் என்று கேளுங்கள். டிரம் இருக்கிற படத்துக்கு ஒரு முறையாவது பதக்கம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஆடியில் டூர்க்காரர் டிரம்மை நகர்த்தச் சொல்ல மாட்டார். தனிப் படத்துக்குப் பதில் பத்துப் படத் தொடரைக் கேட்டால் இன்னும் நல்லது. கயிறு கட்டுவதை ஒரே படத்தில் காட்ட முடியாது, பத்தில் காட்டலாம். அதில் ஏழு படம் அழகாக இருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் வாங்கிய ஊருக்குப் படம் திரும்பிப் போனதா என்பதையும் கேட்கலாம். அபி-லேவுக்கு நான் கொண்டுபோன பிரிண்ட் அந்த வீட்டுச் சுவரில் ஏறவில்லை. அவர் கேட்டது வேறு படம்: அதே நாளில், கேமராவைச் சரிபார்க்கத் தற்செயலாக எடுத்தது, மங்கலானது, அவரும் மருமகளும் டிரம்மும் தகடும் எல்லாம் இருப்பது. மடிக்கணினியில் காட்டியதும், இதைப் போட்டுத் தா என்றார். லேயில் ஒரு ஸ்டூடியோவில் அச்சடித்துக் கொடுத்தேன். அது சுவரில் இருக்கிறது.

அடுத்த ஆடியில் மறுபடியும் போகிறேன். கர்னாக்கில் இன்னும் ஆடு வைத்திருக்கும் குடும்பம் ஒன்றோடு பத்து நாள் தங்க அபி-லேவின் மருமகள் ஏற்பாடு செய்கிறார். முடிச்சை அவர்தான் சரிபார்ப்பார், அவரை அபி-லே சரிபார்ப்பார்.

பதக்கத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். படத்தை உங்கள் இணையக் காட்சியிலிருந்து எடுக்க வேண்டாம். தலைப்பை மட்டும் எடுத்துவிட்டு, கீழே உள்ளதை அப்படியே போடுங்கள்:

“லடாக், ஸாரா முகாம், 2016 ஆகஸ்ட். படத்தில் இருப்பவர் கர்னாக்கைச் சேர்ந்த மேய்ப்பர். பெயர் எனக்குத் தெரியும். வெளியிட அவர் விரும்பவில்லை. கையிலுள்ள பிரார்த்தனைச் சக்கரம் அவருடையது இல்லை, எங்கள் வண்டியிலிருந்து கொடுத்தது. புகை எங்களுக்காகக் கிளப்பப்பட்டது. 500 ரூபாய் கொடுக்கப்பட்டது. கூடாரம் அப்போது சமையலுக்குப் பயன்பட்டது. இப்போது ஒரு சுற்றுலா முகாமில் இருக்கிறது. வலப்பக்கம் வெட்டப்பட்ட பகுதியில் சூரியத் தகடு, சார்ஜ் ஏறும் கைபேசி, நீல டிரம், அதன் மேல் அவருடைய மருமகள். குடும்பம் இப்போது கர்னாக்லிங்கில் வசிக்கிறது. ஆடுகள் உறவினரிடம்.”

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் புகைப்படக்காரன்